திகதி குறித்த பிரசவத்திற்கும் வகுப்பு வேண்டுமா?



இம்மாதம் ஒரு வாசகி கேட்டனுப்பிய கேள்விக்கே இந்தப் பக்கத்தை ஒதுக்குகின்றேன். அவர் இரண்டாவது குழந்தைக்காகக் காத்திருக்கின்றார். முதல் குழந்தை சத்திரசிகிச்சை மூலம் பிறந்தது. இம்முறையும் சத்திரசிகிச்சைதான் என்று வைத்தியர் சொல்லித் திகதியையும் குறித்து விட்டார். "குடும்பநல மிஸ் கர்ப்பிணித் தாய்மார் வகுப்புக்கு வரச் சொல்லுறா. அங்க மூச்சு விடுறதும் முக்கிறதும்தானே சொல்லிக் குடுப்பினம்? எனக்கு அந்த வேலையே இல்லையே அக்கா. ஒரு நாள் கூலியை விட்டிட்டு, ரெண்டு பஸ் ஏறிப் போகத்தான் வேணுமோ?" என்பது அவருடைய கேள்வி.

கூலி வேலை செய்து வயிற்றைக் கழுவும் ஒருத்திக்கு ஒரு நாள் என்பது சின்ன விடயமல்ல. ஆகவே இது நியாயமான கேள்வி. என்னுடைய பதில், போங்கள் தங்கச்சி என்பதுதான். சத்திரசிகிச்சை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்தியர் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னே உள்ள பயத்தையும் பின்னே உள்ள ஆறு கிழமைகளையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆயத்தம் செய்யும் இடம் அந்த வகுப்பு.

இதை இரண்டு சத்திரசிகிச்சைகளைக் கண்டவள் என்ற முறையில் எழுதுகின்றேன். முதலாவது 2008ஆம் ஆண்டில், இடப்பெயர்வுக்கு நடுவே நடந்தது. குழந்தையின் துடிப்புக் குறைகிறது என்றார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள், கண் விழித்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். இருந்ததை வைத்து எங்கள் இருவரையும் காப்பாற்றிய அந்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் எனக்கு என்ன செய்தார்கள் என்பது பல மாதங்கள் வரை எனக்கு விளங்கவேயில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை, சொல்ல ஆளும் இருக்கவில்லை. இரண்டாவது 2014ஆம் ஆண்டில், யுத்தம் முடிந்து ஐந்து வருடங்களின் பின்னர், திகதி குறித்து நடந்தது. அம்முறை வகுப்புக்குப் போனேன். இரண்டும் ஒரே சத்திரசிகிச்சைதான். ஆனால் இரண்டாவதில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. அந்த வித்தியாசம் பெரியது.

எல்லாம் பயன்படாது, உண்மைதான்

வகுப்பில் சொல்லப்படும் அனைத்தும் உங்களுக்குப் பயன்படும் என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரண பிரசவம் பற்றிய பகுதி நீளமாகத்தான் இருக்கும். ஆயினும் மீதிப் பகுதியைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுப்பது, சிசுவைப் பராமரிப்பது, ஆபத்தான அறிகுறிகள், சாப்பாடு, மனநிலை, அடுத்த பிள்ளைக்கான இடைவெளி ஆகிய யாவும் எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானவை. குழந்தை எந்த வழியால் வந்தாலும் பால் கேட்டு அழத்தானே போகிறது.

சத்திரசிகிச்சை மூலம் பிறப்பது இன்று அரிதான விடயமுமல்ல. உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், அதாவது 21 வீதமானவை இவ்வாறு பிறக்கின்றன என்று உலக சுகாதார அமைப்பு 2021ஆம் ஆண்டில் தெரிவித்தது. உங்கள் வகுப்பிலும் உங்களைப் போல இன்னும் சிலர் இருக்கக்கூடும். ஆகவே, "சத்திரசிகிச்சை செய்யப்போகிறவர்களுக்கு என்று கொஞ்சம் சொல்லுங்கோ மிஸ்" என்று தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டபோது இன்னும் மூன்று பேர் தலையாட்டினார்கள்.

திகதி எழுதியிருந்தாலும்

வேறு ஆபத்து இல்லாவிட்டால் இத்தகைய சத்திரசிகிச்சையைப் பொதுவாக 39 கிழமை அளவில்தான் வைப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் சில குழந்தைகளுக்கு மூச்சு விடுவதில் சிரமம் வரக்கூடும் என்பதே காரணம். ஆனால் குழந்தைக்குக் கலண்டர் தெரியாது. சிலருக்குக் குறித்த திகதிக்கு முன்னரே வலி தொடங்கிவிடும், அல்லது பன்னீர்க்குடம் உடைந்துவிடும். "இன்னும் ஐந்து நாள் இருக்குத்தானே" என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. ஏற்கனவே சத்திரசிகிச்சைத் தழும்பு உள்ள கருப்பை நீண்ட நேரம் வலியைத் தாங்குவது ஆபத்தானது. வலி, நீர் போதல், இரத்தம் படுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும், இரவானாலும், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வலி எப்படித் தொடங்கும், பொய் வலி எது, மெய் வலி எது என்பதை வகுப்பில்தான் விளங்கப்படுத்துவார்கள். நீங்கள் வேண்டாம் என்று நினைத்த மூச்சுப் பயிற்சியும் அந்த இரவில் உதவும்.

அந்த நாளில் நடப்பது

முன்கூட்டியே தெரிந்தால் பயம் பாதியாகும் என்பதால் சுருக்கமாகச் சொல்கின்றேன். பொதுவாக ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னரே சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். மயக்க நிலையில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு. பசியில் இரக்கப்பட்டு மாமி நீட்டும் பணிசை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள். சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள், அன்று காலையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று முன்னரே கேட்டு வைக்க வேண்டும்.

பெரும்பாலும் முதுகில் போடும் விறைப்பு ஊசிதான் கொடுப்பார்கள். முதுகை வளைத்து இருக்கச் சொல்வார்கள். கால்கள் சூடாகிப் பின்னர் பாரமாகி மரத்துவிடும். நோ இருக்காது. ஆனால் தொடுவதும் இழுப்பதும் தெரியும். அது தெரிவதால் மருந்து பிடிக்கவில்லை என்று பயப்படத் தேவையில்லை. நோவு இருந்தால் உடனே சொல்லுங்கள். உடம்பு நடுங்கலாம், குமட்டலாம், இரண்டும் வழமையானவை. சிறுநீருக்குக் குழாய் போடுவார்கள். பொதுவாக முதல் பத்து நிமிடங்களுக்குள் குழந்தையை எடுத்துவிடுவார்கள். முன்பு சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குச் சற்றுக் கூடலாம். மீதி நேரம் தைப்பதற்குத்தான்.

தாயும் சேயும் நலமாக இருந்தால் குழந்தையை உங்கள் நெஞ்சில் வைக்கவும், முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கவும் முடியும். இதை விரும்புகிறீர்கள் என்று முன்னரே சொல்லி வையுங்கள். சத்திரசிகிச்சையின் பின் பால் சுரப்பது சிலருக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தும். அதைக் கண்டு "இவளுக்குப் பால் இல்லை" என்று யாரும் பால்மா வாங்க ஓடத் தேவையில்லை. அடிக்கடி சூப்பக் கொடுத்தால் பால் வரும். காயத்தில் படாமல் பக்கவாட்டில் படுத்துக் கொடுப்பதையும், குழந்தையைக் கைக்கடியில் அணைத்து வைத்துக் கொடுப்பதையும் ஒரு பொம்மையை வைத்து எங்களுக்குக் காட்டித் தந்தார்கள்.

எங்கள் உடம்பு சுமப்பவை

இது எமக்கே உரிய விடயம். கர்ப்பிணிப் பதிவேட்டில் பிரஷருக்கும் நிறைக்கும் இரத்த வகைக்கும் கட்டம் இருக்கின்றது. உடம்புக்குள் ஷெல் துண்டு இருக்கின்றதா என்று கேட்கும் கட்டம் எதையும் நான் அதில் காணவில்லை. என் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, 2009ஆம் ஆண்டில் பட்ட ஒரு துண்டு இன்னும் இருக்கின்றது. வகுப்பில் விறைப்பு ஊசி பற்றிச் சொல்லி, அது போடும் இடத்தைத் தன் முதுகில் தொட்டுக் காட்டியபோதுதான் எனக்குள் கேள்வி எழுந்தது. வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் அதைப் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதி, அடுத்த கிளினிக்கில் மயக்க மருந்து வைத்தியரைச் சந்திக்க ஒழுங்கு செய்தார். 2010ஆம் ஆண்டில் எடுத்த எக்ஸ்ரே படத்தை ட்ரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். துண்டு முள்ளந்தண்டுக்கு விலகி ஒரு பக்கமாக இருக்கின்றது, ஊசி போடலாம் என்று அவர் பார்த்துச் சொன்னார். அன்றிரவு நான் நித்திரை கொண்டேன். இதே கேள்வி சத்திரசிகிச்சை மேசையில் எழுந்திருந்தால் என் நிலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இவற்றைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். முதுகிலோ கழுத்திலோ காயப்பட்டவர்கள் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வயிற்றில் காயப்பட்டு முன்னர் சத்திரசிகிச்சை செய்தவர்கள் மகப்பேற்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் உள்ளே ஒட்டுப்பட்டிருந்தால் அதற்கேற்ப அவர்கள் ஆயத்தமாவார்கள். ஊன்றுகோலுடனோ செயற்கைக் காலுடனோ நடப்பவர்கள், சத்திரசிகிச்சையின் பின் எப்படி எழும்பி நடப்பது என்று முன்பே கேட்க வேண்டும். வெடிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் அதையும் சொல்லுங்கள். முகமூடி போட்டவரின் உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாதல்லவா?

மனக்காயமும் அப்படியே. பிரகாசமான விளக்கு, ஸ்பிரிட் வாசம், அசைக்க முடியாத கால்கள், அறிமுகமில்லாத ஆண்கள் முன்னே உடுப்பு விலகிக் கிடக்கும் நிலை, இவை சிலருக்குப் பழைய கொடுமைகளைக் கண்முன்னே கொண்டுவந்துவிடும். நீங்கள் யாருக்கும் உங்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பயம் அதிகம், ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கோ" என்று மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லி எழுதி வைத்தால் போதும்.

கையொப்பம் இடும் முன்

சத்திரசிகிச்சைக்கு முன் சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. குடும்பக் கட்டுப்பாடும் இதில் முக்கியமானது. சத்திரசிகிச்சையோடு சேர்த்து லூப் வைக்கவும், நிரந்தரமாகக் கருத்தடை செய்யவும் முடியும். வேண்டுமென்றால் அது நல்ல வசதிதான். ஆனால் அந்த முடிவை மேசையில் படுத்திருக்கும்போது எடுக்கக்கூடாது. 2013ஆம் ஆண்டில் கிளிநொச்சியின் சில கிராமங்களில் கையில் வைக்கும் கருத்தடை முறை தொடர்பாகப் பெண்கள் முறைப்பாடு செய்தது செய்தியாக வந்ததை நாம் மறந்துவிடவில்லை. என்னென்ன முறைகள் உண்டு, எது தற்காலிகமானது, எது திரும்ப மாற்ற முடியாதது என்பதை வகுப்பில் நிதானமாகக் கேட்டு, வீட்டில் யோசித்து, நீங்களே தீர்மானியுங்கள். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி தேவை என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. தழும்பு உள்ள கருப்பைக்கு இந்த ஓய்வு மிக அவசியம்.

வீட்டுக்கு வந்த பின்

வகுப்பின் உண்மையான பயன் இங்கேதான் தெரியும். "இவளுக்கென்ன, நோகாமல் பெத்தவள்" என்ற பேச்சை எங்களில் பலர் கேட்டிருப்போம். வயிற்றை வெட்டித் தைத்தது பெரிய சத்திரசிகிச்சை. ஆறு கிழமை வரை குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், விறகு கொத்துவதும், குடம் தூக்குவதும் அதற்குள் அடக்கம். ஆனால் முழுநேரமும் படுத்திருக்கவும் கூடாது. வைத்தியசாலையில் எழும்பச் சொன்னவுடன் எழும்பி மெல்ல நடந்தால்தான் கால் நரம்புகளில் இரத்தம் உறையாமல் இருக்கும். இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்தால் நோவு குறையும். வயிற்றில் அடித்துச் சுடுநீர் வார்ப்பது புதிய காயத்துக்குக் கூடாது. சரக்குக்கறி சாப்பிடலாம், பத்தியம் என்ற பேரில் மீனையும் மரக்கறியையும் பழத்தையும் தண்ணீரையும் நிறுத்தக்கூடாது.

இதையெல்லாம் நீங்கள் சொன்னால் மாமியார் கேட்பாரா? வகுப்பில் மிஸ் சொன்னால் கேட்பார். அதனால்தான் உங்களைப் பராமரிக்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்கின்றேன். கணவரை அழைக்கச் சொல்வார்கள். கணவர் வெளிநாட்டிலோ, காணாமல் ஆக்கப்பட்டோ, இல்லாமலோ இருப்பவர்கள் அதை நினைத்து ஒதுங்க வேண்டாம். அம்மாவோ தங்கச்சியோ பக்கத்து வீட்டு அக்காவோ வரலாம். என்னோடு வந்தது என் அம்மா. கிணற்றடிப் பக்கம் என்னை ஆறு கிழமை விடாதவரும் அவர்தான்.

காய்ச்சல், காயம் சிவந்து வீங்குதல், சீழோ துர்நாற்றமோ, ஒரு மணித்தியாலத்துக்குள் துணி நனையும் அளவு இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், மூச்சுத் திணறல், கடும் தலையிடி, கண் மங்குதல் ஆகியவற்றில் ஒன்று ஏற்பட்டாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். முதல் சில நாட்கள் காரணமின்றி அழுகை வருவது வழமை. இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலும், குழந்தையைப் பார்க்கவே மனமில்லாமல் போனாலும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலும் மறைக்காதீர்கள். முதல் பத்து நாட்களுக்குள் குறைந்தது இரண்டு தடவை மிஸ் வீட்டுக்கு வர வேண்டும். அவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம்.

போகவே முடியாவிட்டால்

எல்லா வகுப்புக்கும் போக வசதியில்லாதவர்கள், சத்திரசிகிச்சை, தாய்ப்பால், பிரசவத்துக்குப் பிந்திய பராமரிப்பு ஆகியன பற்றிப் பேசும் வகுப்பு எந்த நாள் என்று மிஸ்ஸிடம் கேட்டு, அந்த ஒன்றுக்காவது போங்கள். வகுப்புக்குக் கட்டணம் எதுவுமில்லை. கிளினிக் நாளிலேயே வைக்க முடியுமா என்று நாலு பேராகச் சேர்ந்து கேட்டால் சில இடங்களில் ஒழுங்கு செய்து தருவார்கள். அதுவும் முடியாவிட்டால் பின்வரும் கேள்விகளை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

எனக்கு ஏன் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும்? திகதிக்கு முன் வலி வந்தால் எங்கே போவது? என் பழைய காயத்தால் ஊசி போடுவதில் பிரச்சினை உண்டா? எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது? துணைக்கு ஆள் நிற்கலாமா? குழந்தையை எப்போது என்னிடம் தருவீர்கள்? நோவுக்கு என்ன மருந்து? தையல் வெட்ட வேண்டுமா, எப்போது? அடுத்த பிள்ளை எப்போது, எந்த முறையில்?

வகுப்புக்குப் போனால் ஒரு குறையும் வராது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் யுத்த காலத்தில் எங்கள் உடம்புக்கு நடந்தவற்றில் பெரும்பாலானவை எங்களைக் கேட்காமல் நடந்தவை. இது அப்படி நடக்க வேண்டியதில்லை. கேட்க நேரமும், சொல்ல ஆளும் இன்று இருக்கின்றன. கேள்வி அனுப்பிய தங்கச்சி, அந்த ஒரு நாள் கூலியை உங்களுக்காகவே செலவழித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்ரே படமோ வைத்தியத் துண்டுகளோ இருந்தால் தேடி எடுத்து, பதிவேட்டுக்குள் வைத்து, கையோடு கொண்டு போங்கள்.